நீதானே படிச்சவன், கேட்டுச் சொல்லு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் என்னிடம், "சார், நீங்க ஏதாவது பயனுள்ளதா ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். 1983 முதல் 1986 வரை இதே கல்லூரியில் வேதியியல் படித்தவன் நான். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் அதே வேதியியலைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். பயனுள்ளதாகப் பேசு என்றால் ஆசிரியனுக்குப் பழைய பாடம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இன்று பாடம் நடத்த வரவில்லை. என் வீட்டில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லப் போகிறேன். ஒன்றில் நான் தவறினேன். மற்றொன்றில் தப்பினேன். இரண்டும் ஒரே கேள்வியைப் பற்றியவை: ஒரு மருத்துவர் இதுதான் நோய் என்று சொன்ன பிறகு, இன்னொரு மருத்துவரிடம் போய்க் கேட்கலாமா, கூடாதா?

நான் மருத்துவன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதில் மருத்துவம் குறைவு, அனுபவம் அதிகம்.

எங்கள் ஊர் மரக்காணம் என்பது இங்கே பலருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் என்னை "உப்பு" என்றுதான் கூப்பிடுவீர்கள். அதோ, முன்வரிசையில் இருக்கும் நண்பர் சிரிக்கிறார். பெயர் வைத்தவரே அவர்தான். தமிழ்நாட்டில் உப்பு என்றால் தூத்துக்குடி, வேதாரண்யம், அதற்கு அடுத்து எங்கள் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி, வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் அம்பாரங்களைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கழுவெளி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்களே, அதே கழுவெளி. நடுவில் பாத்திகள். பார்க்க அழகுதான். அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயிலில் காலை முதல் பலகை இழுப்பவர்களுக்குத்தான் அதன் மறுபக்கம் தெரியும். என் பெற்றோர் இருவரும் அந்தப் பாத்திகளில் கூலி வேலை செய்துதான் என்னைத் திண்டிவனத்துக்குப் பேருந்து ஏற்றி அனுப்பினார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். முதல் பட்டதாரிக்கு என்ன வேலை தெரியுமா? வேலை கிடைப்பதற்கு முன்பே ஒரு வேலை வந்துவிடும். தாலுகா ஆபீசுக்கா, வங்கிக்கா, ஆஸ்பத்திரிக்கா, எங்கே போனாலும் நம்மை முன்னால் தள்ளிவிட்டுப் பெரியவர்கள் பின்னால் நின்றுகொள்வார்கள். "நீதானே படிச்சவன், கேட்டுச் சொல்லு." இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். நான் தமிழில் பயந்து நடுங்கிய வாக்கியம் இது.

சித்தப்பா

1998ஆம் ஆண்டு. என் சித்தப்பாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அளத்தில் வேலை செய்பவர்கள் பலர் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். பசி தெரியாது, தாகம் தெரியாது, நேரம் போவது தெரியாது என்பார்கள். சித்தப்பாவுக்கு அந்த ஒதுக்கிய இடத்திலேயே ஒரு புண். ஆறவே இல்லை. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். "அறுவை சிகிச்சை செஞ்சு, பிறகு கதிர்வீச்சு கொடுக்கணும். ஆரம்பத்துல வந்திருக்கீங்க, காப்பாத்திடலாம்" என்றார் அந்த மருத்துவர். கன்னத்தில் ஒரு பகுதியும் தாடையில் கொஞ்சமும் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

இன்னொரு இடத்தில் கேட்போம் என்றேன். அதில் தவறில்லை என்று இன்றும் நினைக்கிறேன். பரிசோதனைச் சாலையிலிருந்து அந்தக் கண்ணாடி ஸ்லைடுகளை எழுதிக் கொடுத்து வாங்கி, வேறொரு மருத்துவமனையில் காட்டினேன். அவர்களும் அதையே சொன்னார்கள். அதே நோய், அதே சிகிச்சை.

அங்கே நான் நின்றிருக்க வேண்டும்.

பாட்டி அழுதார். சின்னம்மா, "முகத்த வெட்டிட்டா மனுசன் எப்படிங்க வெளிய தல காட்டுவாரு?" என்று கேட்டார். சித்தப்பா ஒன்றுமே பேசவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர் "இது அது இல்லை" என்று சொல்லிவிட மாட்டார்களா என்று எனக்கும் உள்ளுக்குள் ஆசை. தேடினால் அப்படிச் சொல்லவும் ஆள் கிடைப்பார். கிடைத்தார். "உஷ்ணப் புண், பொடி தர்றேன், நாலு மாசத்துல ஆறிடும்" என்றார். அவரிடம் அழைத்துப் போனவன் வேறு யாருமில்லை, வேதியியல் பட்டம் வாங்கிய நான்தான்.

நாலு மாதம் கழித்துக் கழுத்தில் கட்டிகள் வந்தன. மறுபடியும் முதல் மருத்துவரிடம் ஓடினோம். அவர் என்னைத் திட்டவில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பவே வந்திருக்கலாமே தம்பி" என்றார், அவ்வளவுதான். அடுத்த சித்திரை வரை சித்தப்பா இல்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தத் "தம்பி" இன்னும் மறக்கவில்லை.

நண்பர்களே, அன்று நான் கேட்டது மறு ஆலோசனை என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. முதல் இடத்துக்குப் பிறகு இரண்டாவது இடத்துக்குப் போனது மறு ஆலோசனை. இரண்டும் ஒன்று சொன்ன பிறகு மூன்றாவது இடத்துக்குப் போனது, எனக்குப் பிடித்த பதிலைத் தேடிப் போனது. இரண்டுக்கும் பேருந்துக் கட்டணம் ஒன்றுதான், பலன் ஒன்றல்ல.

அம்மா

இப்போது இரண்டாவது சம்பவம். 2009, கத்திரி வெயில். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. "நான் சம்பாதிக்கிறேன், நீ ஏம்மா அளத்துக்குப் போற?" என்றால் கேட்க மாட்டார். "கை கால் ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பார். முழங்கால் வலி, இடுப்பு வலி எப்போதும் உண்டு. அந்த வாரம் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அதோடும் வேலைக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் வாந்தி, தலைசுற்றல், சிறுநீர் சரியாக இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம்.

இரத்தப் பரிசோதனை வந்தது. கிரியேட்டினின் 6.8. சாதாரணமாக ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய அளவு அது. மருத்துவர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. இனிமே ஆயுசுக்கும் டயாலிசிஸ்தான், வாரத்துக்கு ரெண்டு தடவை. கழுத்துல டியூப் போட்டு ஆரம்பிக்கலாம், கையெழுத்துப் போடுங்க" என்றார்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வாரம் இரண்டு முறை என்றால் பள்ளிக்கு எத்தனை நாள் விடுப்பு, மகள் படிப்புக்கு வைத்திருந்த பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று மனசு கணக்குப் போட்டது. கையெழுத்துப் போடுவதற்குத்தான் பேனாவை எடுத்தேன். என் தங்கை, "அண்ணே, வேற ஒருத்தர்கிட்ட காட்டிட்டுச் செய்யலாமே" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சித்தப்பாவுக்குக் காட்டினோமே, என்ன ஆச்சு?" என்றேன். முதல் முறை அதிகம் கேட்டுக் கெட்டவன், இரண்டாம் முறை கேட்கவே பயந்தேன். சூடு கண்ட பூனை கதைதான்.

அப்போது கட்டிலில் படுத்தபடியே அம்மா ஒன்று சொன்னார். அதைச் சொல்வதற்கு முன் உங்களுக்கு அளத்து வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பாத்தியில் விட்ட தண்ணீர் வெயிலில் சுண்டச் சுண்ட உப்புச் செறிவு ஏறும். அதை அளக்க மிதக்கிற கண்ணாடிக் குழல் ஒன்று உண்டு. நாம் இங்கே ஆய்வுக்கூடத்தில் பார்த்த ஹைட்ரோமீட்டர்தான். போமே டிகிரி காட்டும். கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். இருபத்தைந்து டிகிரி வாக்கில் சமையல் உப்பு இறங்க ஆரம்பிக்கும். இருபத்தொன்பதைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பாகிவிடும். அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஆக, இந்த டிகிரியைத் தப்பாகப் பார்த்தால் உழைப்பெல்லாம் வீண். ஒரு மழை பெய்த மறுநாள் மேல்தண்ணீரில் குழலை விட்டால் டிகிரி குறைத்துக் காட்டும். கனமான உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும். அதனால் அனுபவசாலிகள் ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா சொன்னார்: "டேய், பாத்தியில ஒரு மூலையில டிகிரி பாத்துட்டா தண்ணிய வடிச்சுடுவோம்? எதிர் மூலையிலயும் ஒருவாட்டி பாக்கறதில்லையா? அதுக்காக நாள் பூரா பாத்துக்கினே நிக்கவும் மாட்டோம். நீதானே படிச்சவன், போய்க் கேளு."

நான் எழுந்து மறுபடியும் மருத்துவரின் அறைக்குப் போனேன். வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளில் உருப்படியான கேள்வி அன்று கேட்டதுதான்: "டாக்டர், இன்னிக்கே செய்யலைன்னா உயிருக்கு ஆபத்தா? ஒரு நாள் பொறுக்கலாமா? இன்னொரு இடத்துல காட்டிட்டு வரணும்னு நினைக்கிறோம்." அவர் ரிப்போர்ட்டுகளை மறுபடியும் புரட்டினார். பொட்டாசியம் அளவைப் பார்த்தார். "ஒரு நாள் பொறுக்கலாம். அதுக்கு மேல தள்ளாதீங்க" என்றார். ஃபைலையும் கொடுத்தனுப்பச் சொன்னார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. இதை அவருக்குச் சேர வேண்டிய மரியாதையாகச் சொல்கிறேன்.

அன்றே புதுச்சேரிக்குப் போனோம். அங்கே சிறுநீரகத்துக்கென்றே படித்த ஒரு மருத்துவர். அவர் முதலில் பார்த்தது 6.8 என்ற எண்ணை அல்ல, அம்மாவின் கையையும் காலையும். "என்னம்மா வேலை?" என்றார். "அளத்துல வேலைங்கய்யா." "தண்ணி எவ்ளோ குடிப்பீங்க?" அம்மா தயங்கினார். அளத்தில் பெண்கள் ஒதுங்க மறைவிடம் கிடையாது. அதனால் வெயிலில் நின்றாலும் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பார்கள். இது எங்கள் ஊரில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். வீட்டு ஆண்களாகிய எங்களுக்குத் தெரியாது. அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து, "வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார். நான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க சார்" என்றேன். அம்மா மெதுவாக இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, அதற்கடியில் பாதி பிதுக்கிய மாத்திரை அட்டை ஒன்று. கடையில் சொல்லி வாங்கியது. தினமும் இரண்டு, வலி அதிகமானால் மூன்று. எத்தனை நாளாக? "ஆவுது, ரெண்டு வருசம்."

மருத்துவர் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எங்களுக்கு விளக்கினார். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த வகை வலிநிவாரணி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தை இன்னும் குறைத்துவிடும். வெயில், வயிற்றுப்போக்கு, மாத்திரை மூன்றும் ஒன்று சேர்ந்தால் நன்றாக இருக்கும் சிறுநீரகமும் திடீரென்று நின்றுபோகும். பிறகு பழைய ஃபைலில் இருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். இரண்டு சிறுநீரகமும் வழக்கமான அளவில் உள்ளன என்று அதில் எழுதியிருந்தது. "பல வருஷமா கெட்ட கிட்னி பெரும்பாலும் சுருங்கியிருக்கும். இது சுருங்கலை. நாள்பட்ட நோய்னு சொல்லணும்னா மூணு மாசத்துக்கு மேல பாதிப்பு நீடிக்கணும். இவங்களுக்குப் பழைய இரத்தப் பரிசோதனை ஒண்ணுமே இல்லையே, எப்படி ஆயுசுக்கும்னு சொல்றது? பார்ப்போம்" என்றார்.

அந்த ரிப்போர்ட் ஒரு நாள் முழுக்க என் கையில் இருந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரியும். நான் படிக்கவில்லை.

மாத்திரை நின்றது. அளந்து அளந்து நீர் ஏற்றினார்கள். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று மணிக்கணக்கில் குறித்தார்கள். தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வோம் என்றும் சொல்லி வைத்தார்கள். தேவைப்படவில்லை. நாலாம் நாள் 4.1. பத்தாம் நாள் 2.2. ஆறு வாரத்தில் 1.3. அம்மா இன்றும் இருக்கிறார். இங்கே வர வேண்டும் என்றுதான் சொன்னார். வெயில், வேண்டாம் என்று நான்தான் நிறுத்திவிட்டேன்.

யார் மீது குறை?

கதையை இத்தோடு நிறுத்தினால், முதல் மருத்துவர் கெட்டவர், இரண்டாமவர் நல்லவர் என்று ஆகிவிடும். அது நியாயமல்ல. முதல் மருத்துவர் பார்த்தது ஒரு எண்ணை. அம்மா மாத்திரை சாப்பிடுவதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. அவர் கேட்டிருக்கலாம், நாங்கள் சொல்லியிருக்கலாம். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நாலு பேர் கூட்டாகச் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நாலாவது ஆள் நான். என் பங்கை நான் செய்யவில்லை.

இன்னொன்று. அவர் சந்தேகப்பட்டதும் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. வெயிலில் உழைப்பவர்களுக்குச் சர்க்கரை நோயோ வேறு தெரிந்த காரணமோ இல்லாமலேயே சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாவதை உலகம் முழுக்கக் கண்டிருக்கிறார்கள். எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டுபவர்களுக்கு. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளுக்கு. ஆந்திராவில் உத்தானம் பகுதியில். நம் பக்கத்திலேயே, ஜிப்மர் மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இந்தப் பகுதியில் காணும் அத்தகைய நோய்க்குத் தொண்டைமண்டலச் சிறுநீரக நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மண்ணின் பழைய பெயர் ஒரு நோய்க்குப் போய்ச் சேர்ந்ததே என்று எனக்கு வருத்தம்தான். ஆகவே அளத்திலும் வயலிலும் வேலை செய்யும் பெற்றோர் உள்ள மாணவர்கள், வருடத்துக்கு ஒரு முறை அவர்களுக்கு இரத்தத்தில் கிரியேட்டினினும், சிறுநீரில் புரதமும் பாருங்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பழைய காகிதம் ஒன்று இருந்திருந்தால் அம்மா விஷயத்தில் பாதிக் குழப்பம் வந்திருக்காது.

அமெரிக்காவில் மேயோ கிளினிக் என்ற புகழ்பெற்ற மருத்துவமனை 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வெளி மருத்துவர்கள் மறு ஆலோசனைக்காக அங்கே அனுப்பிய 286 நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தார்கள். 21 சதவீதம் பேருக்கு நோய் முற்றிலும் வேறு என்று தெரிந்தது. 12 சதவீதம் பேருக்கு முதலில் சொன்னது அப்படியே சரி. மீதி 66 சதவீதம் பேருக்கு முதலில் சொன்னது ஓரளவு சரி, ஆனால் திருத்தமோ கூடுதல் தெளிவோ தேவைப்பட்டது. இதைக் கேட்டுவிட்டு ஐந்தில் ஒரு மருத்துவர் தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிக்கலானவர்கள் என்று தேர்ந்து அனுப்பப்பட்டவர்களின் கணக்கு அது. நோயைக் கண்டுபிடிப்பது முதல் பார்வையிலேயே முடிந்துவிடுவதில்லை, அவ்வளவுதான் நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

கேட்பது நம் உரிமை

இன்னொரு மருத்துவரிடம் போனால் இவர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் நம் மக்களுக்கு அதிகம். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் மறு ஆலோசனை பெறுவதும் ஓர் உரிமையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பரிசோதனைக்கு மட்டும் சம்மதம் கொடுத்த பெண்ணுக்கு, உயிராபத்து இல்லாத நிலையில், அவர் சம்மதமில்லாமல் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. மயக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் தாயாரிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்றது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்பது மரியாதைக் குறைவல்ல. பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

இனி, ஆசிரியன் புத்தி போகாது. குறித்துக்கொள்ளும்படி சில சொல்கிறேன்.

ஒன்று: முதலில் அவகாசம் இருக்கிறதா என்று கேளுங்கள். மாரடைப்பு, பக்கவாதம், விபத்து, பாம்புக்கடி, மூச்சுத்திணறல் போன்றவற்றில் மறு ஆலோசனை என்று ஊர் ஊராக அலையக் கூடாது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

இரண்டு: ஆயுள் முழுக்க மருந்து, பெரிய அறுவை சிகிச்சை, ஓர் உறுப்பை எடுப்பது, புற்றுநோய், சொத்தை விற்கும் அளவுக்குச் செலவு, இவற்றில் ஏதாவது ஒன்று என்றால் அவசியம் கேளுங்கள். காய்ச்சல் சளிக்கெல்லாம் வேண்டாம்.

மூன்று: எல்லாக் காகிதங்களையும் கொண்டு போங்கள். ஸ்கேன் படம், இரத்தப் பரிசோதனை, சதைப் பரிசோதனை என்றால் கண்ணாடி ஸ்லைடும் மெழுகுக் கட்டியும்கூடக் கேட்டு வாங்கலாம். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரையும், நாட்டு மருந்து உள்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். சுருக்குப்பையையும் பாருங்கள்.

நான்கு: அந்த நோய்க்கென்று படித்தவரிடம், முடிந்தால் வேறொரு மருத்துவமனையில் காட்டுங்கள். நம் பகுதிக்கு அரசு மருத்துவக் கல்லூரிகளும் ஜிப்மரும் பேருந்து தூரத்தில்தான் இருக்கின்றன. பெரிய செலவு என்று பயப்பட வேண்டியதில்லை.

ஐந்து: நாலு கேள்வி கேளுங்கள். எதை வைத்து இந்த நோய் என்கிறீர்கள்? வேறு என்னவாக இருக்கலாம்? சிகிச்சையில் வேறு வழி உண்டா? பொறுத்தால் என்ன ஆகும்?

ஆறு: இரண்டு பேரும் வெவ்வேறாகச் சொன்னால், முதலாமவர் சொன்னதை மறைக்காமல் இரண்டாமவரிடம் சொல்லி, ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள். அப்படியும் தெளியாவிட்டால் மூன்றாவது ஒருவர். ஆனால் இரண்டு பேரும் ஒன்றையே சொல்லிவிட்டால், மூன்றாவது படி ஏறாதீர்கள். மறுநாளே சிகிச்சையைத் தொடங்குங்கள். இந்த ஆறாவதுக்கு எங்கள் வீட்டில் ஓர் உயிர் விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்களும் ஒரு நாள் மருத்துவமனை வராந்தாவில் முன்னால் தள்ளப்படுவீர்கள். உங்கள் பட்டம் என்ன பாடத்தில் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தமிழ் இலக்கியம் படித்தவனையும் கேட்பார்கள், வணிகவியல் படித்தவளையும் கேட்பார்கள். உங்களுக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காகிதத்தை வரி விடாமல் படிக்கவும், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லவும், பிடிக்காத பதிலைக் கேட்டுக்கொள்ளவும் தெரிந்தால் போதும். இந்தக் கடைசி ஒன்றுதான் கஷ்டம்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் முன்னாள் மாணவர்களில் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், மருத்துவரை மணந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு முழிக்கிற நம் மாணவர் ஒருவருக்கு, எந்தத் துறை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டினாலே பெரிய உதவி. அப்படி ஒரு சிறு குழுவை இந்த ஆண்டே அமைத்தால், அதில் காகிதம் படித்துச் சொல்லும் வேலைக்கு முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

புறப்படும்போது அம்மாவிடம், "உன் கதையத்தான் சொல்லப் போறேன்" என்றேன். "சொல்லு, ஆனா உன் சித்தப்பன் கதையையும் சேத்துச் சொல்லு" என்றார். சேர்த்தே சொல்லிவிட்டேன்.